தழை சுமந்தவள் பெயர்

எங்கள் கல்லூரியின் முகப்பில் சென்ற ஆண்டு ஒரு பூப்பாத்தி போட்டார்கள். ஊதா, சிவப்பு, வெள்ளை என்று கொத்துக்கொத்தாகப் பூக்கும் தாழ்ந்த செடிகள். பாத்தியின் ஓரத்தில் ஒரு பளிங்குப் பலகை. அதில் நான்கு வரிகள்: 'வெர்பினா' என்று செடியின் பெயர், திறந்துவைத்த விருந்தினரின் பெயர், அவர் வகிக்கும் பதவி, தேதி.

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது ஒரு மாணவி கேட்டாள். "மேம், இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?" தமிழ்த்துறை ஆசிரியையிடம் கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குத் தெரியவில்லை. அங்கே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவிடம் கேட்டேன். தினக்கூலிக்கு வருபவர். அந்தப் பாத்தியைக் கொத்தி, உரமிட்டு, நாற்று நட்டவர் அவர்தான்.

"நர்சரியில வெர்பினான்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு அது வாயில நுழையல மேடம். நான் குடைப்பூன்னு சொல்லிக்கிடுவேன். விரிஞ்சா குடை மாதிரி இருக்குல்ல?"

மாணவி சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு பலகையைத் திரும்பப் பார்த்தேன். நட்டவர் பெயரும் அதில் இல்லை, அவர் வைத்த பெயரும் இல்லை. ஒரு செடிக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு இருந்தது, யாருடைய பெயர் அதில் ஒட்டிக்கொண்டது, யாருடையது உதிர்ந்தது என்று அன்றிரவு படிக்கத் தொடங்கினேன். வெர்பினா என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனதில் ரோம், ஸ்வீடன், அர்ஜென்டினா, மொரீஷியஸ் என்று சுற்றி, கடைசியில் என் அம்மாச்சியின் வரப்பில் வந்து நின்றேன். அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

*

வெர்பினா லத்தீன் சொல். ஆனால் பழைய ரோமில் அது ஒரு தனிச் செடிக்கு மட்டும் உரிய பெயராக இருக்கவில்லை. சடங்குக்கென ஒடிக்கப்பட்ட ஆலிவ், லாரல், மிர்ட்டில் என எந்தத் தழையையும் அந்தப் பெயரால் அழைத்தார்கள். நம் 'தழை' என்ற சொல்லோடு ஒப்பிடலாம். குறிஞ்சிப் பாடல்களில் தலைவன் கையுறையாகக் கொண்டுவரும் தழை எந்த மரத்துடையதாகவும் இருக்கலாம். யாருக்காக, எதற்காக ஒடிக்கப்பட்டது என்பதுதான் அதற்கு மதிப்பைத் தந்தது.

ரோமில் அந்தத் தழை ஆண்களின் கையில் இருந்தது, அதுவும் அரசின் வேலையாக. போர் அறிவிக்கவும் உடன்படிக்கை செய்யவும் ஃபெடியாலிஸ் என்ற பூசாரிக் குழு ஒன்று இருந்தது. அவர்கள் வேற்று நாட்டாரிடம் தூது போகும்போது, ரோமின் கோட்டைக் குன்றிலிருந்து ஒரு கொத்துப் பச்சையை வேரோடும் வேரில் ஒட்டிய மண்ணோடும் பிடுங்கிக்கொண்டு போவார்கள். அதைச் சுமப்பவருக்கு 'வெர்பெனாரியுஸ்' என்று பதவிப் பெயரே இருந்தது. வெளியூரில் நிற்கும்போதும் சொந்த மண்ணில் நிற்பதாக அவர்களுக்கு ஓர் உறுதி வேண்டியிருந்தது போலும்.

வரலாற்றாசிரியர் லிவி இந்தச் சடங்கை விவரிக்கிறார். பூசாரி அரசனிடம் தழை கேட்பார். அரசன் தூய்மையானதை எடுத்துக்கொள்ளச் சொல்வார். அந்த வெர்பினாவால் இன்னொருவரின் தலையையும் முடியையும் தொட்டதும், தொடப்பட்டவர் ரோம மக்கள் அனைவரின் சார்பாகவும் சத்தியம் செய்யும் தகுதி பெற்றுவிடுவார். அவருக்குக் கிடைக்கும் பட்டம் 'பாத்தெர் பத்ராதுஸ்'. பாத்தெர் என்றால் தந்தை. ஒரு பிடி இலை தலையில் பட்டதும் ஓர் ஆண் ஒரு நாட்டுக்கே தந்தையாகிவிடுகிறார். பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்கு அந்த நாட்டில் வாக்குரிமைகூட இல்லை.

இந்தத் தழையை எடுத்துக்கொண்டு எதற்காகப் போனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன பிளினி, தன் 'இயற்கை வரலாறு' நூலில் அதைச் சொல்கிறார். எதிரி கவர்ந்துசென்ற பொருள்களை உரத்த குரலில் திருப்பிக் கேட்பதற்காகப் போனார்கள். கவர்ந்துசெல்லப்பட்டவை என்பதற்கு அவர் போடும் சொல் 'ராப்தாஸ்'. புறத்திணை படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆநிரை கவர்தல் வெட்சி, அதை மீட்டல் கரந்தை. கவர்ந்தவனும் மீட்டவனும் ஆளுக்கொரு பூச்சூடிப் போனார்கள். ரோமிலும் மீட்கப் போனவன் கையில் ஒரு பச்சை இருந்தது.

பிளினியின் நூலில் வேறோர் இடத்திலும் வெர்பினா என்ற சொல் வருகிறது. எனக்குத் தூக்கம் போனது அங்கேதான். ரோம் உருவான காலத்துக் கதை அது. ரோமுலஸின் ஆட்களுக்கு மனைவிகள் இல்லை. அக்கம்பக்கத்து ஊரார் பெண் கொடுக்க மறுத்தார்கள். திருவிழா என்று சொல்லி அழைத்து, விழாவுக்கு வந்த சபீன இனத்தாரின் கன்னிப் பெண்களைத் தூக்கிச் சென்றார்கள். சபீனர்கள் படையெடுத்து வந்தார்கள். பின்னர் சமாதானம் ஆனது. இரு தரப்பு ஆண்களும் ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு 'மிர்ட்டில் வெர்பினா'வால், அதாவது மிர்ட்டில் தழையால், தங்களைத் தூய்மைப்படுத்திக்கொண்டார்கள் என்று பிளினி எழுதுகிறார். போருக்குக் காரணமான அந்தக் கன்னிகளைக் குறிக்க அவர் பயன்படுத்தும் அடைமொழியும் அதே 'ராப்தாஸ்'தான். பறிபோன பொருளுக்கும் பறிபோன பெண்ணுக்கும் ஒரே சொல். வேறுபாடு ஒன்றுதான்: பொருளைத் திருப்பிக் கேட்கத் தழையோடு தூதர்கள் போனார்கள்; பெண்கள் விஷயத்தில் தூக்கிச் சென்றவர்களும் தேடி வந்தவர்களும் ஒரே தழையால் தங்களைக் கழுவிக்கொண்டு சம்பந்திகளானார்கள்.

அந்தச் சமாதானத்தைச் செய்தவர்கள் யார்? லிவியின் விவரிப்பில் அதற்கு விடை இருக்கிறது. கடத்தப்பட்ட பெண்களே அவிழ்ந்த கூந்தலோடும் கிழிந்த உடையோடும் பறக்கும் ஆயுதங்களுக்கு நடுவே ஓடினார்கள். ஒரு பக்கம் பெற்றவர்கள், மறு பக்கம் தங்கள் பிள்ளைகளின் தகப்பன்மார்கள். எந்தப் பக்கம் வென்றாலும் தாங்கள்தான் இழப்போம் என்று அறிந்தவர்கள் அவர்கள். போரை நிறுத்தியது அவர்களின் உடல். தூய்மையானவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் ஆண்கள். அந்த இடத்தில் வீனஸ் குளோவாகினா என்ற தெய்வத்துக்குச் சிலை எழுந்தது. ரோம் நகரின் பழைய பொதுச் சதுக்கத்தில் அந்தக் கோயிலின் வட்டமான பளிங்கு அடித்தளம் இன்றும் இருக்கிறது.

அதே கோயிலருகே நடந்ததாக லிவி இன்னொரு கதையும் சொல்கிறார். வெர்ஜினியா என்ற இளம்பெண்ணை அதிகாரம் படைத்த ஒருவன் அடிமை என்று பொய் வழக்குப் போட்டு அடைய முயன்றபோது, அவள் தந்தை பக்கத்துக் கசாப்புக் கடையிலிருந்து கத்தியை எடுத்து அவளைக் குத்திக் கொன்றான். அவளை விடுவிக்க வேறு வழியில்லை என்றான். தூய்மைக்குப் பெயர்பெற்ற ஓர் இடத்தின் வரலாறு இப்படி இருக்கிறது.

*

காலப்போக்கில் வெர்பினா என்ற பெயர் ஒரு குறிப்பிட்ட செடியின்மேல் படிந்தது. ஐரோப்பாவின் சாலையோரங்களில் வளரும் மெலிந்த செடி அது. வெளிறிய ஊதாவில் மிகச் சிறிய பூ. வாசனை என்று சொல்ல எதுவும் இல்லை. கிரேக்கர்கள் அதைப் 'புனிதப் பூண்டு' என்றார்கள். புறாக்கள் விரும்பி அதனருகே திரிவதால் புறாவின் பெயராலும் அழைத்தார்கள். பிளினி அதற்கு ஒரு முழுப் பகுதியே ஒதுக்குகிறார். ஜூபிடரின் மேசையை அதைக்கொண்டு துடைத்தார்கள், வீடுகளைத் தூய்மை செய்தார்கள். அது ஊறிய நீரைத் தெளித்தால் விருந்தினர் கலகலப்பாவார்கள் என்றும், சூரியனும் சந்திரனும் பார்க்காத நேரத்தில் இரும்பால் சுற்றிலும் வட்டம் கீறி இடக்கையால் பறிக்க வேண்டும் என்றும் மந்திரவாதிகள் சொல்வதாக எழுதுகிறார். அவர்களை அவர் கேலியும் செய்கிறார்.

செடியில் இரண்டு வகை என்கிறார் பிளினி. இலை அடர்ந்தது பெண் என்றும் இலை குறைந்தது ஆண் என்றும் கருதினார்களாம். வெர்பினாவின் ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தாளும் சூலகமும் சேர்ந்தே இருக்கின்றன. அதில் ஆண் செடி, பெண் செடி என்று பிரிக்க எதுவும் இல்லை. கண்ணால் பார்த்த இலை அடர்த்தியை வைத்துக்கொண்டு, மனத்தில் ஏற்கெனவே இருந்த ஆண் பெண் பிரிவினையைச் செடியின்மேல் ஏற்றிவிட்டார்கள்.

ஆயிரம் ஆண்டு தாண்டி அதே செடியைப் பற்றி ஒரு பெண் எழுதியிருக்கிறார். ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையில் கன்னிமாடத் தலைவியாக இருந்த பிங்கெனின் ஹில்டெகார்ட். 1098இல் பிறந்து 1179இல் இறந்தவர். இசை அமைத்தவர், இறையியல் எழுதியவர், மருத்துவமும் எழுதியவர். அவருடைய 'ஃபிசிகா' நூலில் வெர்பினாவுக்கு ஒரு சிறிய பகுதி உண்டு. அதில் தூதரும் இல்லை, ஜூபிடரும் இல்லை. தொண்டை வீங்கினால் இதை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, சூட்டோடு தொண்டையில் வைத்துத் துணியால் கட்டு என்கிறார். அழுகிய புண்ணுக்கும் அவ்வாறே ஒரு முறை சொல்கிறார். அவர் சொன்ன மருந்து பலித்ததா என்பது மருத்துவர்கள் பேச வேண்டிய விஷயம். ஒரு செடியைப் பார்த்ததும் யாருக்கு என்ன நோவு என்று கேட்கும் அந்தக் கண் எனக்குப் பழக்கமானது. எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்த கண் அது.

*

1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ், உலகின் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் தன் பெரிய நூலை வெளியிட்டார். சாலையோரத்துச் செடிக்கு 'வெர்பினா அஃபிசினாலிஸ்' என்று பெயர் வந்தது. இரண்டாவது சொல்லின் பொருள் மருந்துக்கிடங்குக்கு உரியது என்பது. வேலியோரத்தில் பறித்து அரைத்தவர்களின் செடி, பெயரளவில் கடைக்குள் போய்விட்டது.

லின்னேயஸின் வகைப்பாடு செடிகளின் திருமண வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டது. மகரந்தத்தாள்கள் கணவர்கள், சூலகம் மனைவி. இளவயதில் எழுதிய ஒரு கட்டுரையில் பூவிதழ்களை மணப்படுக்கையாகவே அவர் வருணித்தார். வெர்பினாவை அவர் வைத்த வகுப்பின் பொருள், இரண்டு கணவர்களும் ஒரு மனைவியும். நம் மல்லிகையினமும் அதே வகுப்பில்தான் இருந்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இதில் ஓர் ஒழுங்கு இருப்பதை அறிவியல் வரலாற்றாளர் லோண்டா ஷீபிங்கர் சுட்டிக்காட்டினார். லின்னேயஸின் முறையில் செடி எந்தப் பெரிய வகுப்பைச் சேர்ந்தது என்பதை ஆண் உறுப்பின் எண்ணிக்கை தீர்மானிக்கும். அதற்குள் அடங்கிய சிறு பிரிவைத்தான் பெண் உறுப்பு தீர்மானிக்கும். இயற்கையில் இதற்கு எந்தக் காரணமும் இல்லை. குடும்ப அட்டையில் குடும்பத் தலைவர் என்று யார் பெயரை முதலில் எழுதுவது என்பதுபோன்ற ஒரு பழக்கம், அறிவியலாக அச்சேறியது.

*

இனி வாசனையுள்ள வெர்பினாவுக்கு வருகிறேன். உலகம் இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் நினைப்பது எலுமிச்சை மணம் வீசும் ஒரு செடியை. பிரான்சில் சாப்பாட்டுக்குப் பின் வெந்நீரில் போட்டுக் குடிக்கும் 'வெர்வேன்', சோப்பிலும் வாசனைத் திரவியத்திலும் வரும் எலுமிச்சை வெர்பினா எல்லாம் இதுதான். இது தென் அமெரிக்கச் செடி. இதைக் கவனித்துச் சேகரித்த முதல் ஐரோப்பியத் தாவரவியலாளர் என்று பிலிபேர் கொமர்சோன் என்ற பிரெஞ்சுக்காரரைச் சொல்கிறார்கள். இடம் பியூனஸ் அயர்ஸ், ஆண்டு 1767. பூகன்வில் தலைமையில் உலகைச் சுற்றக் கிளம்பிய இரண்டு பிரெஞ்சுக் கப்பல்களில் ஒன்றில் அவர் வந்திருந்தார்.

அவரோடு ஓர் உதவியாளரும் வந்தார். பெயர் ழான் பரே. 1740இல் பிரான்சின் பர்கண்டி பகுதியில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்த பெண். கொமர்சோனின் மனைவி இறந்தபின் அவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர். பின் அவருடைய துணையானவர். அரசுக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்பது பிரெஞ்சுக் கடற்படையின் சட்டம். பரே மார்பை இறுகக் கட்டிக்கொண்டு, ஆணுடை தரித்து, வேலைக்காரனாகக் கப்பலேறினார். பிரெஞ்சில் அவருடைய பெண்பெயரின் கடைசி எழுத்துகளை விட்டுவிட்டால் அதுவே ஆண்பெயராகிவிடும். அப்படியே எழுதிக்கொண்டார். உலகத்தைப் பார்க்க அவர் கொடுத்த முதல் விலை அந்தச் சில எழுத்துகள்.

கொமர்சோனுக்குக் காலில் ஆறாத புண். ஏறவும் சுமக்கவும் முடியாது. தென் அமெரிக்கக் கரைகளிலும் மகெல்லன் நீரிணையின் பனிமலைகளிலும் உணவு, துப்பாக்கி, செடிகளை அழுத்திவைக்கும் கனத்த தாள்கட்டு எல்லாவற்றையும் சுமந்து நடந்தவர் பரே. அந்தத் துணிவையும் உடல்வலுவையும் பார்த்து அவருக்குப் 'பொதிமிருகம்' என்று கொமர்சோன் பட்டப்பெயர் வைத்திருந்ததாகப் பூகன்வில் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். நம் ஊர்ச் சுவர்களில் காகிதப்பூவாக வழியும் போகன்வில்லா ஐரோப்பிய நூல்களுக்குள் நுழைந்ததும் இந்தப் பயணத்தில்தான். பிரேசில் கரையில் கிடைத்த அந்தக் கொடிக்குக் கப்பல் தலைவரின் பெயர் கிடைத்தது.

1768இல், தாஹித்தித் தீவை ஒட்டி, பரே பெண் என்பது வெளிப்பட்டது. அந்த வெளிப்பாடு எப்படி நடந்தது என்பதைக் கப்பலில் இருந்த ஆண்கள் ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்தார்கள். பரே எழுதிய பயணக் குறிப்பு என்று ஒன்று நம்மிடம் இல்லை. மொரீஷியஸ் தீவில் இருவரும் இறங்கிக்கொண்டார்கள். 1773இல் கொமர்சோன் அங்கேயே இறந்தார். பரே போர்ட் லூயியில் ஒரு மதுக்கடை நடத்தினார்; ஒரு பிரெஞ்சுப் படைவீரரை மணந்தார்; அவரோடு பிரான்சுக்குத் திரும்பினார். உலகைக் கடல்வழி சுற்றிவந்ததாக நாம் அறியும் முதல் பெண் அவர். 1785இல் கடற்படை அமைச்சகம் அவருக்கு ஆண்டுக்கு 200 லிவர் ஓய்வூதியம் அளித்தது. 1807இல் இறந்தார்.

இந்த ஆண்டுகளில் எலுமிச்சை வெர்பினாவின் கதை வேறு பக்கம் போயிற்று. அது மாட்ரிட் நகரின் அரசுத் தாவரத் தோட்டத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்த தாவரவியலாளர்கள் தோட்டத்தின் புரவலரான இளவரசரை மகிழ்விக்க, அவர் மனைவியின் பெயரைச் செடிக்கு வைத்தார்கள். பார்மாவின் மரியா லூயிசா. லூயிசா லத்தீனில் 'அலோய்சியா' ஆனது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஒருவர் அதை வெர்பினா இனத்திலேயே சேர்த்து வேறு பெயரும் வைத்தார். இன்று அறிவியலில் நிற்கும் பெயர் 'அலோய்சியா சிட்ரோடோரா'. ஸ்பெயினில் அதை 'லூயிசாப் பூண்டு' என்கிறார்கள். கிரேக்கத்திலும் மொரோக்கோவிலும் 'லூயிசா' என்றே கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள்.

ஒரு பெண்ணின் பெயர் செடிக்கு வந்ததே என்று மகிழ முடியுமா? மரியா லூயிசா 13 வயதில் மணமாகி மாட்ரிட் போனவர். 14 குழந்தைகள் பெற்றார். அவர்களில் பாதிப் பேரே வளர்ந்து ஆளானார்கள். பின்னாளில் அரசியானபோது, அந்த ஆட்சியின் தவறுகளுக்கெல்லாம் நாடு அவருடைய நடத்தையைக் காரணம் காட்டிப் பழித்தது. கோயா வரைந்த அரச குடும்ப ஓவியத்தின் நடுவில், இரண்டு பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். அவர் பெயர் செடிக்கு வந்தது அவர் யாருடைய மனைவி என்பதால். அரசியின் மேல் எனக்குக் கோபமில்லை. செடியோடு எந்தத் தொடர்பும் தேவைப்படாமல் ஒருத்திக்குப் பெயர் கிடைத்தது. செடிகளைச் சுமந்தே உலகைச் சுற்றியவளுக்குக் கிடைக்கவில்லை. இரண்டையும் தீர்மானித்தவர்கள் ஆண்கள். இது மட்டும்தான் நான் சொல்ல வருவது.

கொமர்சோன் முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு செடிக்கு 'பரேஷியா' என்று பெயரிட்டு, தான் சேர்த்த எத்தனையோ செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் கிளிஞ்சல்களுக்கும் அவளுக்கே கடன்பட்டிருப்பதாகக் குறித்துவைத்தார். அந்தச் செடியினத்துக்கு ஏற்கெனவே வேறு பெயர் இருந்ததால் பரேயின் பெயர் நிற்கவில்லை. கொமர்சோனின் பெயரிலோ எழுபதுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருக்கின்றன. 2012இல்தான், ஈக்வடாரிலும் பெருவிலும் வளரும் கத்தரிக் குடும்பத்துச் செடி ஒன்றுக்கு 'சொலானம் பரேஷியே' என்று பெயர் வந்தது. அவர் இறந்து 205 ஆண்டுகள் கழித்து. பெயர் வைத்த மூவரில் பெண்களும் உண்டு.

*

இதையெல்லாம் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு ஒரு சின்னத் தகவல் கண்ணில் பட்டது. கோபம் என் பக்கம் திரும்பியது.

1753ஆம் ஆண்டு நூலில் லின்னேயஸ் 'வெர்பினா நோடிஃப்ளோரா' என்று ஒரு செடியைச் சேர்த்திருக்கிறார். இன்று வேறு இனத்துக்கு மாற்றிவிட்டார்கள். குடும்பம் மட்டும் வெர்பினாக் குடும்பம். அது நம் பொடுதலை. வயல் வரப்பிலும் குளத்தங்கரையிலும் தரையோடு தரையாகப் படரும், விரல் நுனி அளவு பூங்கொத்து வைக்கும் அதே பொடுதலை. வேலியோரத்துச் சீமை நாயுருவியும் அன்றைய நூலில் வெர்பினாதான். பழைய பாடநூல்களில் நொச்சியும் இந்தக் குடும்பத்தில் இருந்தது. பின்னர் துளசிக் குடும்பத்துக்குப் பெயர்ந்தது. மாணவி கேட்ட கேள்விக்கு என் ஊரிலேயே பாதிப் பதில் படர்ந்து கிடந்திருக்கிறது.

பொடுதலையை எனக்குக் காட்டியவள் அம்மாச்சி. பொடுகுக்கு அதை அரைத்து எண்ணெய் காய்ச்சி என் தலையில் தேய்த்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. முனைவர் பட்டத்துக்குச் சங்க இலக்கியத் தாவரங்கள் பற்றி நான் ஆய்வு செய்தபோது, உரைகளிலும் அகராதிகளிலும் குழம்பிப்போன செடிகளை அடையாளம் காண இரண்டு கோடை விடுமுறைகள் அவளோடு நடந்தேன். மதில் காக்கும் வீரர் சூடிய நொச்சி என்று நான் சூத்திரம் சொல்வேன். "ஆம்பளைக சூடுனாகளோ என்னமோ, பிள்ள பெத்தவளுக்கு இத வேகவச்ச தண்ணிலதான் குளிக்க ஊத்துவோம்" என்பாள். உச்சி வெயிலில் பாறைமேல் ஏறி ஒரு கொத்தை ஒடித்துக் கையில் கொடுப்பாள். அறுபத்தெட்டு வயது. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் 99 பூக்களை அடுக்கிச் சொல்வது தோழியின் குரல், புலவர் கபிலர். என் ஆய்வில் சொன்ன குரல் அம்மாச்சியுடையது, புலவர் நான்.

ஆய்வேட்டை எடுத்து நன்றியுரைப் பக்கத்தைத் திறந்தேன். நெறியாளர், துறைத்தலைவர், முதல்வர், மூன்று நூலகங்கள், தட்டச்சு செய்தவர், என் கணவர், மாமனார், மாமியார். அம்மாச்சி இல்லை. களப்பணி என்ற இயலில் 'உள்ளூர்த் தகவலாளர் ஒருவர்' என்று ஒரே ஒருமுறை வருகிறாள். படிக்காத கிழவியின் பேச்சை ஆதாரமாகக் காட்டினால் வாய்மொழித் தேர்வில் மதிக்கமாட்டார்கள் என்று அன்று பயந்தேன். அது உண்மையும்கூட. ஆனால் பயந்தேன் என்பது காரணம்தான், சமாதானம் ஆகாது. கொமர்சோனாவது ஒரு செடிக்கு அவள் பெயரை வைக்கப் பார்த்தார்.

பட்டம் வாங்கிய சான்றிதழை அவளிடம் காட்டியபோது, தடவிப் பார்த்துவிட்டு, "இதுல உன் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டாள். காட்டினேன். அந்த எழுத்துகள்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தன் பெயர் எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது அவள் இல்லை.

இதை வாசிக்கும் ஆய்வு மாணவிகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் களப்பணியில் பேசும் பெண்களுக்குப் பெயர் இருக்கிறது. அவர்கள் சம்மதித்தால் எழுதுங்கள். எத்தனை நாள் உங்களோடு நடந்தார்கள் என்று எழுதுங்கள். எந்தச் செடியை, எந்தப் பாட்டை, எந்தச் சொல்லை அவர்கள் தந்தார்கள் என்று அடிக்குறிப்பில் அல்ல, அது வரும் இடத்திலேயே எழுதுங்கள். தேர்வாளர் புருவம் உயர்த்தினால் உயர்த்தட்டும். ஹில்டெகார்டுக்கு யார் யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அந்தப் பெயர்கள் நமக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை. நம் காலத்துப் பெயர்கள் இன்னும் கையில் இருக்கின்றன.

என் ஆய்வேடு திருத்தப்பட்டு அடுத்த ஆண்டு நூலாக வருகிறது. அம்மாச்சியின் பெயர் போக வேண்டிய இடம் அதன் முதல் பக்கம். அதனால் இந்தக் கட்டுரையில் ஓர் உதாரணமாக அதை எழுதவில்லை. அவள் பெயர் முதன்முதலில் அச்சாவது அங்கே இருக்கட்டும்.

கல்லூரிப் பாத்தியில் மழைக்குப் பின் வெர்பினா மறுபடி பூத்திருக்கிறது. நட்டவர் பெயரையும் பலகையில் சேர்க்கச் சொல்லி மாணவிகள் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை. ஆனால் மாணவிகள் யாரும் அதை இப்போது வெர்பினா என்று சொல்வதில்லை. நேற்று ஒருத்தி கைபேசியில் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "குடைப்பூ பக்கத்துல நிக்கிறேன், வா."

அக்காவிடம் சொன்னேன். குழாயை மூடிவிட்டு, "அப்டியா சொல்றாளுக?" என்று கேட்டுச் சிரித்தார்.